நடு வரிசையில் கெங்கா

ஷோபனா மறந்ததற்கு ஒரு குரங்குதான் காரணம். ஆனால் பொய் சொன்னதற்கு எந்தக் குரங்கும் காரணம் இல்லை.

திருத்தணி மலையடிவாரத்தில் உள்ள பள்ளியில் ஷோபனா ஐந்தாம் வகுப்பு படித்தாள். அவள்தான் வகுப்புத் தலைவி. ஐந்தாம் வகுப்போடு அந்தப் பள்ளி முடிந்துவிடும். பிறகு ஆளுக்கொரு பள்ளிக்குப் போய்விடுவார்கள். அதனால் வகுப்பு ஆசிரியை மோனிஷா மிஸ் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு குரூப் போட்டோ எடுக்க முடிவு செய்தார்.

"புதன்கிழமை காலைல பத்து மணிக்கு போட்டோ. எல்லாரும் சுத்தமா யூனிஃபார்ம்ல வரணும்" என்று திங்கட்கிழமை சொன்னார். "கெங்கா ரெண்டு நாளா வரலையே. ஷோபனா, உங்க தெருவுக்குப் பின்னாடிதானே அவ வீடு? போய்ச் சொல்லிடு."

"ஆங், சொல்லிடறேன் மிஸ்" என்றாள் ஷோபனா.

கெங்கம்மாள் என்பதுதான் முழுப்பெயர். அவள் அம்மாவும் நைனாவும் வேர்க்கடலை பறிக்கப் போகும் நாட்களில், தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளும் கழனிக்குப் போய்விடுவாள்.

அன்று மாலை ஷோபனா கெங்கா வீட்டுப் பக்கம்தான் நடந்தாள். பாதி வழியில் ஒரு குரங்கு மதில் மேலிருந்து இறங்கி, அவள் கையிலிருந்த டிபன் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. ஷோபனா கத்திக்கொண்டே அதைத் துரத்தினாள். பை திரும்பக் கிடைத்தபோது டப்பா காலியாக இருந்தது. கெங்காவின் ஞாபகமும் மனசிலிருந்து காலியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அது திரும்பி வரவே இல்லை.

புதன்கிழமை ஷோபனாவின் அம்மா கேமராவோடு பள்ளிக்கு வந்தார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அம்மா ஒரு போட்டோ கடை வைத்திருந்தார். பள்ளிப் போட்டோவும் கல்யாணப் போட்டோவும் எடுப்பார். கம்ப்யூட்டரில் பேனரும் போட்டுத் தருவார்.

முன் வரிசையில் ஆறு பேர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நடு வரிசை அவர்களுக்குப் பின்னால் தரையில் நின்றது. பின் வரிசை பெஞ்சு மேல் ஏறி நின்றது. மிஸ் தலைகளை எண்ணினார்.

"இருபத்து மூணு. கெங்கா இன்னிக்கும் வரலையா? ஷோபனா, நீ சொன்னதானே?"

அப்போதுதான் ஷோபனாவுக்கு ஞாபகம் வந்தது.  எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கேமராவுக்குப் பின்னால் இருந்து அம்மாவும் பார்த்தார்.

"சொன்னேன் மிஸ்" என்றாள்.

"சொல்லியும் வரலையா? சரி, விடு" என்று சொல்லிவிட்டு மிஸ்ஸும் போய் வரிசையில் நின்றார். கேமரா க்ளிக் என்றது. போட்டோவில் ஷோபனா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் கெங்கா வந்தாள். அவள் நகங்களில் செம்மண் இருந்தது.

"கெங்கா, போட்டோ எடுக்கறோம்னு ஷோபனாகிட்ட சொல்லி அனுப்பினேனே. கடைசி வருஷம். ஒரு நாள் வந்திருக்கக் கூடாதா? உனக்கு அக்கறையே இல்லையா?" என்று மிஸ் கேட்டார்.

கெங்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. திரும்பி ஷோபனாவைப் பார்த்தாள். ஷோபனா தலையைக் குனிந்து பென்சில் டப்பாவைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

கெங்கா மிஸ் பக்கம் திரும்பினாள். பிறகு, "வீட்ல வேலை இருந்துச்சு மிஸ்" என்றாள்.

ஷோபனாவின் காது மடல் இரண்டும் சுட்டன.

மதியச் சாப்பாட்டுக்கு எப்போதும் போல கெங்கா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். 'ஏன் சொல்லலை?' என்று கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. கெங்கா அதைக் கேட்கவில்லை.

"போட்டோல நீ எங்க நின்ன?" என்று மட்டும் கேட்டாள்.

"நடு வரிசை. கடைசியில."

"ஓ" என்றாள் கெங்கா.

அன்று ஷோபனாவுக்குச் சோறு இறங்கவில்லை. 'எப்படியாவது கெங்காவை அந்தப் போட்டோவில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம்' என்று நினைத்தாள்.

அம்மா அப்படிச் சேர்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் சித்தப்பா துபாயிலிருந்து வர முடியவில்லை; அவரை அம்மா போட்டோவில் கொண்டுவந்து நிறுத்தினார். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு லேயர். "ஒவ்வொரு லேயரும் ஒரு கண்ணாடித் தாள் மாதிரி" என்று அம்மா சொல்லியிருந்தார். ஒரு தாளில் சித்தப்பா, இன்னொரு தாளில் மற்ற எல்லாரும். அடுக்கி வைத்து மேலிருந்து பார்த்தால் ஒரே படமாகத் தெரியும்.

மாலையில் கெங்காவைக் கடைக்கு அழைத்து வந்தாள் ஷோபனா.

"இந்தச் சுவர்கிட்ட நில்லு. அம்மா போன்ல உன்ன ஒரு போட்டோ எடுக்கறேன்."

"இன்னாத்துக்கு?"

"சும்மா."

கெங்கா கடைக் கண்ணாடியில் பார்த்துத் தலையை வாரிக்கொண்டாள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பல் தெரியச் சிரித்தாள். எடுத்ததும், தம்பி தேடுவான் என்று ஓடிவிட்டாள்.

அம்மா கிளம்பிக்கொண்டிருந்தார். "பொதட்டூர்பேட்டையில ஒரு ஆல்பம் குடுத்துட்டு வந்துடறேன். பிரிண்டர்ல பேப்பர் வெச்சிருக்கேன். உங்க கிளாஸ் போட்டோ இருபத்தஞ்சு காப்பி போட்டு, பின்னாடி கடை சீல் குத்திடு. பண்ணுவியா?"

"ஆங்" என்றாள் ஷோபனா.

அம்மா போனதும் கெங்காவின் உருவத்தைச் சுற்றி மவுசால் கோடு போட்டு வெட்டி எடுத்தாள். அதை வகுப்புப் போட்டோவின் மேல் ஒரு புது லேயராக வைத்தாள். கெங்கா நிற்க வேண்டிய இடம் தன் பக்கத்தில்தான். நடு வரிசையின் கடைசியில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அதற்கு முன்னால் முன் வரிசையின் கடைசி நாற்காலி. அதில் அருண்பாண்டியன் உட்கார்ந்திருந்தான்.

கெங்காவை அங்கே நகர்த்தினாள். அருண்பாண்டியனின் தலை காணாமல் போனது. தலை இருந்த இடத்தில் கெங்காவின் பாவாடை இருந்தது.

'இவள் பின்னால் நிற்க வேண்டும். அப்போ தாளைக் கீழே வைக்க வேண்டும்' என்று நினைத்து, கெங்காவின் லேயரை வகுப்புப் போட்டோவுக்குக் கீழே இழுத்துவிட்டாள். இப்போது கெங்காவே காணாமல் போனாள்.

மேலே வைத்தால் அருண்பாண்டியன் இல்லை. கீழே வைத்தால் கெங்கா இல்லை. பத்து முறை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். அம்மா திரும்பி வருகிற நேரமாகிவிட்டது. கடைசியில், யாரையும் மறைக்காத இடமாக, ஓரத்தில் இருந்த வேப்பமரத்துப் பக்கம் கெங்காவை வைத்தாள். சேமித்தாள். இருபத்தைந்து காப்பி அடித்தாள். சீல் குத்தி உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டாள். அம்மா வந்து கேட்டதற்கு, "எல்லாம் ஆச்சும்மா" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மிஸ் உறையைப் பிரித்துப் போட்டோக்களைக் கொடுத்தார்.

முதலில் சிரித்தவன் அருண்பாண்டியன். "டேய், கெங்கா பறக்கறாடா."

ஷோபனா தன் கையில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். நேற்று அவசரத்தில் தெரியாதது எல்லாம் இப்போது தெரிந்தது. கெங்காவின் பாதங்கள் தரையிலிருந்து ஒரு முழம் மேலே நின்றன. அவள் தலை மிஸ்ஸின் தலையைவிடப் பெரிதாக இருந்தது. மற்றவர்கள் மேல் மஞ்சள் வெயில் அடிக்க, அவள் முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது.

"மரத்துல இருந்து இறங்கி வந்திருக்குது" என்றான் இன்னொருவன். வகுப்பே சிரித்தது.

கெங்காவும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு போட்டோவை நோட்டுக்குள் வைத்து மூடிவிட்டு, நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

"போதும், அமைதியா இருங்க" என்று மிஸ் அதட்டினார். "ஷோபனா, இது உங்க அம்மா பண்ணதா?"

ஷோபனா தலையை ஆட்டினாள். ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று அவளுக்கே தெரியாத ஓர் ஆட்டல். மிஸ் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"நல்லா பண்ணுவாங்களே, என்ன ஆச்சு அவங்களுக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பள்ளி விட்டதும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள். 

"சொல்ல மறந்துட்டியா?" என்று கெங்கா கேட்டாள்.

"ஆங்."

"இத சொல்றதுக்கா இத்தினி நாளு?"

ஷோபனா தரையைப் பார்த்தாள். "மிஸ் எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. வாயில வந்துடுச்சு. அப்புறம் உன்னத் திட்டினாங்க. அப்பவே சொல்லியிருக்கணும். நீ ஏன் என்னைக் காட்டிக் குடுக்கலை?"

"நான் சொன்னா உன்னைத் திட்டுவாங்க. ஏற்கெனவே திட்டு வாங்கினவ நான்தானே, என்னோட போவட்டும்னு விட்டேன்" என்றாள் கெங்கா. "ஆனா போட்டோ பாத்தப்ப கஷ்டமா இருந்துச்சு. எனக்கு அந்தப் போட்டோவே வேணாம், ஷோபனா."

ஷோபனா நடுத்தெருவில் நின்று அழுதாள். ஓர் ஆடு கூட நின்று அவளைப் பார்த்துவிட்டுப் போனது. கெங்கா பக்கத்திலேயே நின்றாள்.

அழுது முடித்ததும் ஷோபனா வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனாள். கெங்காவும் கூடவே வந்தாள்.

எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை அம்மா குறுக்கே பேசவில்லை. போட்டோவை வாங்கிப் பார்த்தார். பிறகு திருப்பி, பின்னால் இருந்த கடை சீலைப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு வீட்டுக்கு இது போயிருக்கு, என் கடை பேரோட" என்றார். அம்மா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஷோபனாவுக்குத் தோன்றியது.

"பிரிண்ட் போட்டத ஒரு தடவ பாக்காம விட்டது என் தப்பு. மீதியெல்லாம் உன்னுது. என்ன பண்ணப் போற?"

"சரி பண்றேன்மா."

"பண்ணு" என்று சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்தவருக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போய்விட்டார்.

ஷோபனா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, நேற்றைய சிக்கலைக் கெங்காவுக்குக் காட்டினாள். மேலே இழுத்தாள். அருண்பாண்டியன் மறைந்தான். கீழே இழுத்தாள். கெங்கா மறைந்தாள்.

"நான் அவனுக்குப் பின்னாடி நிக்கணும். ஆனா வேப்பமரத்துக்கு முன்னாடி நிக்கணும்" என்றாள் கெங்கா. எழுந்து போய், கடையில் இருந்த நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றாள். "இப்டி. இங்க நாற்காலி தனியா இருக்குது, சுவரு தனியா இருக்குது. நடுவுல நான் பூந்துட்டேன். உன் கம்ப்யூட்டர்ல எப்டி?"

ஷோபனா திரையைப் பார்த்தாள். அருண்பாண்டியன், நாற்காலி, மரம், எல்லாம் ஒரே தாளில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவில் யார் நுழைய முடியும்?

"அருண்பாண்டியனை வெட்டி எடுத்துத் தனித் தாள்ல வெக்கணும்" என்றாள் மெதுவாக. "அவன் மேல. நீ நடுவுல. மத்ததெல்லாம் அடியில."

"வெட்னா அவன் இருந்த இடத்துல ஓட்டை விழாதா?"

"வெட்டக் கூடாது. அவனை மாதிரியே இன்னொண்ணு எடுத்து மேல வெக்கணும். அடியில இருக்கறது அப்படியே இருக்கட்டும்."

அருண்பாண்டியனைச் சுற்றிக் கோடு போடுவது லேசாக இல்லை. முதல் தடவை அவனுடைய ஒரு காது போய்விட்டது. "போனா போவட்டும், அவன் எதையும் காதுல வாங்கறதில்ல" என்றாள் கெங்கா. அன்று ஷோபனா முதல் முறையாகச் சிரித்தாள். பிறகு காதோடு சேர்த்து மறுபடி வெட்டினாள்.

கெங்காவின் தாளை இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். உருவத்தையும் சிறிதாக்கினாள். கெங்கா அருண்பாண்டியனுக்குப் பின்னால் நின்றாள். அவள் கால்கள் நாற்காலிக்குப் பின்னால் மறைந்தன. இப்போது அவள் பறக்கவில்லை.

ஆனால் கெங்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "உங்க மேலெல்லாம் வெயிலு. என் மூஞ்சி மட்டும் மாவு பூசின மாதிரி இருக்குது."

அது உண்மைதான். அந்தப் படம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது.

"அதே இடத்துல, அதே பத்து மணி வெயில்ல உன்னை எடுத்தா சரியா வரும்" என்றாள் ஷோபனா.

"அதுக்கு மிஸ்ஸ கேக்கணும். கேட்டா ஏன்னு கேப்பாங்க."

ஷோபனா மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆங்" என்றாள் ஷோபனா. "கேப்பாங்க."

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே ஷோபனா மிஸ்ஸின் மேசை முன் போய் நின்றாள். வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை.

"மிஸ், நான் கெங்காகிட்ட சொல்லவே இல்லை. மறந்துட்டேன். சொன்னேன்னு பொய் சொன்னேன். அந்தப் போட்டோவும் அம்மா பண்ணது இல்ல, நான் பண்ணது."

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார்.  பிறகு கெங்காவைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு உன்னைத் திட்டினேன். அக்கறை இல்லையான்னு கேட்டேன். தப்பு என்னுது. என்னை மன்னிச்சிடும்மா."

கெங்கா வெட்கப்பட்டு, "பரவால்ல மிஸ்" என்றாள். மிஸ் மன்னிப்புக் கேட்டதைப் பார்த்தபோதுதான் ஷோபனாவுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகக் கூசியது.

"என்கிட்ட சொல்லிட்ட. வகுப்புலயும் சொல்லிடு. உங்க அம்மா பேரு கெட்டிருக்கு இல்லையா?" என்றார் மிஸ்.

ஷோபனா வகுப்பின் முன் நின்று சொன்னாள். கரும்பலகையின் ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அருண்பாண்டியன் மட்டும், "நான்தான் முதல்ல சிரிச்சேன், கெங்கா" என்று முணுமுணுத்தான்.

"எதுக்கு இவ்வளவு சிரமம்? எல்லாரையும் வெச்சு இன்னொரு தடவ எடுத்துடலாமே" என்றார் மிஸ்.

"சக்திவேல் இல்லையே மிஸ்" என்றாள் கெங்கா. சக்திவேலின் அப்பாவுக்கு நகரியில் தறி வேலை கிடைத்து, குடும்பமே ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போயிருந்தது. "அவன் இல்லாம வேணாம். முதல்ல எடுத்ததே இருக்கட்டும். என்னைச் சேத்துக்குங்க, போதும்."

அன்றே பத்து மணிக்கு அம்மா கேமராவோடு வந்தார். புதன்கிழமை நின்ற அதே இடத்தில் நின்றார். கெங்கா வெயிலில் தனியாக நின்றாள். கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தனியா நிக்க ஒரு மாதிரி இருக்குது" என்றாள்.

ஷோபனா ஓடிப்போய் அவளுக்குப் பக்கத்தில், அன்று தான் நின்ற இடத்தில் நின்றாள். "என்னை அப்புறம் வெட்டிடலாம். இப்ப நான் இங்கயே இருக்கேன்."

கெங்காவின் தோள் தளர்ந்தது. கேமராவுக்குப் பின்னால் அருண்பாண்டியன் தன் காதுகள் இரண்டையும் பிடித்து இழுத்துக் காட்டினான். கெங்கா சிரித்தபோது அம்மா எடுத்துவிட்டார்.

மாலையில் ஷோபனா மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அடியில் வகுப்பு. மேலே அருண்பாண்டியன். நடுவில் கெங்கா. இந்த முறை வெயில் எல்லார் முகத்திலும் ஒரே பக்கத்திலிருந்து விழுந்தது.

ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் இருக்கும். அதை அழுத்தினால் அந்தத் தாள் மறையும். ஷோபனா கெங்காவின் கண்ணை அழுத்தினாள். நடு வரிசையின் கடைசியில் ஒரு காலி இடம் தெரிந்தது. அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில், சிரிக்காத முகத்தோடு அவள் நின்றிருந்தாள். அவசரமாக மறுபடி அழுத்தினாள். கெங்கா வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கண்ணை அவள் தொடவே இல்லை.

அம்மா வந்து திரைக்கு முன் குனிந்து பார்த்தார். வேப்பமரத்துப் பக்கம் பார்த்தார், நாற்காலிப் பக்கம் பார்த்தார்.

"சீல் குத்தலாம்" என்றார்.

மறுநாள் புதுப் போட்டோக்களைக் கொடுத்தபோது வகுப்பில் யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் அவரவர் முகத்தைத் தேடிப் பார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். நகரிக்கு அனுப்பச் சக்திவேலின் போட்டோவை மிஸ் தனியாக எடுத்து வைத்தார்.

"எங்க வீட்டுக்கு வரியா?" என்று மாலையில் கெங்கா கேட்டாள்.

கெங்காவின் அம்மா எல்லம்மாள் அப்போதுதான் கழனியிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். புடவையில் கையைத் துடைத்துவிட்டுப் போட்டோவை வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு முகமாக நகர்த்தி, கெங்காவிடம் வந்ததும் நிறுத்தினார்.

"அன்னிக்கு நீ எங்களோட கழனியிலதானே இருந்த? இதுல எப்டிடீ வந்த?"

"இவதான் கொண்டு போய் நிறுத்தினா" என்றாள் கெங்கா.

எல்லம்மாள் வாசலில் நின்ற ஷோபனாவை நிமிர்ந்து பார்த்தார். ஷோபனாவுக்கு மறுபடி காது மடல் சுட்டது.

"போட்டோ எடுக்கறாங்கன்னு சொல்ல நான்தான் வந்திருக்கணும், அத்தை. மறந்துட்டேன்" என்றாள். இந்த முறை அதைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகவில்லை.

எல்லம்மாள் அவளையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, இப்ப வந்துட்ட இல்ல? வேர்க்கடல வேவுது. உள்ள வா."

ஷோபனா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.